காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு செய்ய முடியுமா?

கேள்வி இது: வீட்டிலேயே இயற்கையான முறையில் சோப்பும் மற்ற குளியல் பொருட்களும் செய்து பார்க்க ஆசை. ஆனால் காஸ்டிக் சோடாவைக் கையாளப் பயமாக இருக்கிறது. அது இல்லாமல் வழி உண்டா? எந்த எண்ணெயை எடுப்பது? கற்றாழை, மஞ்சள், எலுமிச்சை, பால் ஆகியவற்றை அப்படியே சேர்க்கலாமா?

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: முடியாது. எண்ணெயிலுள்ள கொழுப்பும் வலிமையான ஒரு காரமும் வினைபுரிந்தால்தான் சோப்பு உண்டாகும். காரமே படாத சோப்பு என்று யாராவது விற்றால், அது செயற்கைச் சலவைப் பொருளால் செய்த கட்டியாக இருக்கும். இல்லையென்றால் வேறொருவர் முன்பே காரத்தைக் கலந்து, வினையை முடித்துக் கட்டியாக்கித் தந்திருப்பார். சந்தேகம் இருந்தால் உறையைத் திருப்பிப் பாருங்கள். 'சோடியம் கோகோயேட்' என்றால் தேங்காய் எண்ணெய், 'சோடியம் பாமேட்' என்றால் பாமாயில், 'சோடியம் ஆலிவேட்' என்றால் ஆலிவ் எண்ணெய். மூன்றிலும் இருக்கும் சோடியம் காஸ்டிக் சோடாவிலிருந்து வந்ததுதான்.

அப்படியானால் அந்தக் காரம் தோலை அரிக்காதா என்ற பயம் நியாயமானது. ஆனால் வினை முடிந்தபின் காரம் காரமாக இருப்பதில்லை. கொழுப்பின் ஒரு மூலக்கூறு, சோடியம் ஹைட்ராக்சைடின் (காஸ்டிக் சோடாவின் வேதிப்பெயர்) மூன்று மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டு மூன்று சோப்பு மூலக்கூறுகளாகவும் ஒரு கிளிசரின் மூலக்கூறாகவும் மாறிவிடுகிறது. சரியான கணக்கில் போட்ட காரம் முழுவதும் இதிலேயே செலவாகிவிடும். கணக்குத் தவறினால் மிஞ்சும். மிஞ்சியது தோலைக் கடிக்கும். ஆகவே வீட்டுச் சோப்பின் தரத்தைத் தீர்மானிப்பது நீங்கள் சேர்க்கும் மூலிகை இல்லை, உங்கள் தராசுதான். ஒரு கிராம் வரையாவது துல்லியமாகக் காட்டும் மின்னணுத் தராசு வாங்க மனமில்லை என்றால், இந்த வேலையில் இறங்கவே வேண்டாம் என்பேன்.

வீட்டில் செய்த சோப்பு தோலை உரிக்கும் என்ற கெட்ட பெயர் பழங்காலத்திலிருந்து வருகிறது. அதற்குக் காரணமும் இந்தக் கணக்குதான். அந்தக் காலத்தில் மரச்சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்த காரநீரைக் கொழுப்போடு காய்ச்சினார்கள். சாம்பலின் வீரியம் மரத்துக்கு மரம் மாறும்; வடிநீரில் எவ்வளவு காரம் இருக்கிறது என்று அறிய நம்பகமான வழி இல்லை. 1791இல் நிக்கோலா லெப்லாங்க் சாதாரண உப்பிலிருந்து சோடியம் கார்பனேட் என்ற சோடா தயாரிக்கும் முறைக்குப் பிரான்சில் காப்புரிமை பெற்றார். பிறகு மிஷல் யூஜேன் ஷெவ்ரல், கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த கூட்டு என்பதைத் தம் ஆய்வுகளில் காட்டி 1823இல் வெளியிட்டார். ஒரே சீரான காரமும், கொழுப்புக்குள் என்ன இருக்கிறது என்ற அறிவும் கிடைத்த பிறகுதான் இத்தனை எண்ணெய்க்கு இத்தனை காரம் என்று கணக்குப் போட முடிந்தது. அந்த வசதி இன்று உங்கள் கையில் இருக்கிறது.

கணக்கு எளியதுதான். ஒவ்வோர் எண்ணெயிலும் ஒரு கிராமைச் சோப்பாக்க எவ்வளவு காரம் தேவை என்பதற்கு ஓர் எண் உண்டு. காஸ்டிக் சோடாவைப் பொறுத்தவரை தேங்காய் எண்ணெய்க்கு 0.183, ஆலிவ் எண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128, பாமாயிலுக்கு 0.141. பட்டியலுக்குப் பட்டியல் மூன்றாவது தசமம் கொஞ்சம் மாறும், அதனால் பாதகமில்லை. முதல் முயற்சிக்கு 500 கிராம் எண்ணெய் போதும். ஆலிவ் 300 கிராம், தேங்காய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 0.134-ஆல் பெருக்கினால் 40.2, 150-ஐ 0.183-ஆல் பெருக்கினால் 27.45, 50-ஐ 0.128-ஆல் பெருக்கினால் 6.4. கூட்டினால் 74.05 கிராம். இது எண்ணெய் முழுவதையும் சோப்பாக்கும் அளவு. நாம் அவ்வளவு போடுவதில்லை. 5 சதவீதம் குறைத்து, சுமார் 70 கிராம் போடுகிறோம். இப்படிச் செய்தால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் கட்டியிலேயே தங்கும். சோப்பு செய்பவர்கள் இதை 'சூப்பர்ஃபேட்' என்பார்கள். அது தோலுக்கு இதம் தரும்; சிறு அளவுப் பிழைகளுக்கும் இடம் கொடுக்கும். காரத்தைக் கரைக்கும் தண்ணீர், காரத்தின் எடையைப் போல இரு மடங்கு, அதாவது 140 கிராம்.

இந்த இடத்தில் தவறு எப்படி நுழைகிறது என்று பாருங்கள். தேங்காய் எண்ணெய் கைவசம் இல்லை, முழுக்க ஆலிவ் எண்ணெயே போட்டுவிடலாம் என்று ஒருவர் நினைக்கிறார்; காரத்தின் அளவை மாற்றவில்லை. 500 கிராம் ஆலிவ் எண்ணெய் முழுமையாகச் சோப்பாவதற்கே 67 கிராம் காரம்தான் வேண்டும். அவர் போட்டது 70. மூன்று கிராம் காரம் கட்டிக்குள் சும்மா கிடக்கும். இன்னொருவர் எண்ணெயை எடை போடாமல் 500 மில்லி அளந்து ஊற்றுகிறார். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. 500 மில்லி ஏறக்குறைய 460 கிராம்தான் இருக்கும். அதற்கு முழு அளவே 68 கிராம். அங்கேயும் 70 கிராம் காரம் அதிகம். இரண்டு சோப்பும் பார்க்க அழகாகவே இருக்கும், கையில்தான் எரியும். எனவே கப், கரண்டி, மில்லி என்று அளவு சொல்லும் செய்முறையைக் கண்டால் அப்படியே நகர்ந்துவிடுங்கள். எடையில் சொல்லும் செய்முறையாக இருந்தாலும் ஒருமுறை நீங்களே பெருக்கிப் பார்த்துவிடுங்கள்.

காரத்தைக் கையாளும் நேரம் மொத்தம் அரை மணிதான். அந்த அரை மணி நேரம் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. கண்ணை முழுதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு ஆகியவற்றில் எதையும் தவிர்க்க வேண்டாம். மூக்குக்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஈடாகாது, பக்கவாட்டில் திறந்திருக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்று, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். கண்ணாடிப் பாத்திரமும் வேண்டாம். காரம் அதை நாளடைவில் அரிக்கும். திடீர்ச் சூட்டில் ஒருநாள் விரிசல் விடும். எவர்சில்வரோ, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று குறித்த பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கோ போதும். வாங்கும் காரம் தூய சோடியம் ஹைட்ராக்சைடாக இருக்க வேண்டும். அடைப்பு நீக்கும் பொடிகளில் வேறு பொருட்களும், சிலவற்றில் அலுமினியத் துணுக்குகளும் கலந்திருக்கும்.

குளிர்ந்த தண்ணீரை முதலில் எடுத்து, அதில் காரத்தைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். மாற்றிச் செய்யக் கூடாது. காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது ஒரே இடத்தில் கொதித்துச் சிதறும். தூவியவுடன் தண்ணீர் பால் போல் கலங்கும். பாத்திரத்தின் வெளிப்புறம் தொட முடியாத அளவு சுடும். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். மேலே எழும் ஆவி தொண்டையைப் பிடித்து இருமல் வரச் செய்யும். சன்னல் ஓரமாகவோ வெளியிலோ நின்று, முகத்தைப் பாத்திரத்துக்கு நேராகக் கொண்டுபோகாமல் கலக்குங்கள். சில நிமிடங்களில் கலங்கல் தெளிந்து கண்ணாடி போலாகும். பார்க்க வெறும் தண்ணீர்தான். அதனால்தான் அதன் மேல் பெயர் எழுதி ஒட்டாமல் எங்கும் வைக்கக் கூடாது.

தோலில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். காரத்துக்கு அமிலம் மாற்று என்று வினிகரைத் தோலில் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். வினிகரும் காரமும் வினைபுரிவதே சூட்டைக் கிளப்பும்; வினிகரைத் தேடிப் போகும் நேரத்தில் காரம் உள்ளே இறங்கிவிடும். மேசையில் சிந்தியதைத் துடைத்த பிறகு கடைசியாக ஒரு தடவைக்கு வினிகர் சரி. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறியதும் கரைசலை எண்ணெயில் ஊற்றி, கை பிளெண்டரால் விட்டுவிட்டு அடிக்க வேண்டும். ஓயாமல் அடித்தால் காற்று புகுந்து குமிழி நிற்கும். முதலில் மேலே எண்ணெய்க் கோடுகள் மிதக்கும். பிறகு நிறம் வெளிறி, எல்லாம் ஒன்றாகிக் குழம்பு கெட்டிப்படும். கரண்டியைத் தூக்கி ஒழுகவிடுங்கள். விழுந்த கோடு உடனே மூழ்காமல் மேற்பரப்பில் ஒரு கணம் நின்றால் அதுதான் 'ட்ரேஸ்'. எண்ணெயும் நீரும் இனிப் பிரியாது என்பதற்கு அடையாளம். வாசனையும் நிறமும் சேர்க்க வேண்டிய நேரம் இது. அச்சில் ஊற்றியபின் வினை தொடர்ந்து நடக்கும். சூடு ஏறி நடுப்பகுதி கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்து மறுபடி வெளுக்கும். பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் அச்சிலிருந்து எடுத்துக் கையுறையோடு துண்டு போடலாம். மேலே வெண்பொடி படிந்திருந்தால் அது காரம் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து உண்டான சோடா சாம்பல், சுரண்டிவிட்டால் போதும்.

அதற்குப் பிறகு 4 முதல் 6 வாரம் காற்றாட வைக்க வேண்டும். காரம் வினைபுரிந்து முடிய இத்தனை நாள் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வினை பெரும்பாலும் முதல் ஓரிரு நாளிலேயே முடிந்துவிடுகிறது. வாரக்கணக்கில் நடப்பது வேறு: நீர் வற்றுகிறது, சோப்பின் படிக அமைப்பு இறுகுகிறது. அவசரப்பட்டு எடுத்தால் சோப்பு சீக்கிரம் கரையும், நுரையும் குறைவாக இருக்கும். முழுக்க ஆலிவ் எண்ணெயில் செய்தது ஆறு மாதம், ஒரு வருடம் என்று காத்திருந்தால்தான் குணம் தெரியும். இரும்புக் கம்பித் தட்டில் உலர்த்தாதீர்கள். உலோகம் பட்ட இடத்தில் எண்ணெய் சிக்கு வாடை பிடிப்பது வேகமாகும்.

காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கப் பழைய உத்தி ஒன்று உண்டு. ஈர விரலால் சோப்பைத் தேய்த்து அந்த நுரையை நாக்கு நுனியில் தொட்டால், மிஞ்சிய காரம் மின்சாரம் பட்டதுபோல் சுருக்கென்று குத்தும். வெறும் சோப்புச் சுவை மட்டும் வந்தால் நல்லது. அமில, கார அளவைக் காட்டும் பி.எச். காகிதத்தை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை. காகிதம் சோப்பில் ஏமாற்றும். குத்தினால் இரண்டு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் குத்தினால் அந்தக் கட்டிகள் உடலுக்கு ஆகாது.

எண்ணெய்த் தேர்வுக்கு வருகிறேன். எந்த எண்ணெய் 'சத்தானது' என்று தேடுவதை விட்டு, அதில் எந்தக் கொழுப்பு அமிலம் அதிகம் என்று பாருங்கள். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். அது கெட்டியான கட்டியும் பெரிய நுரையும் தரும்; உப்பு நீரிலும் நுரைக்கும் என்பதால் கப்பல்களில் கடல்நீரில் குளிக்க இந்தச் சோப்பைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அழுக்கோடு தோலின் இயற்கை எண்ணெயையும் வழித்து எடுத்துவிடும். மொத்த எண்ணெயில் 30 சதவீதத்துக்கு மேல் போனால் வறண்ட தோலுள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். முழுக்கத் தேங்காய் எண்ணெயில்தான் செய்வேன் என்றால் சூப்பர்ஃபேட்டை 5 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்துங்கள். கடுமை வெகுவாகக் குறையும். ஆலிவ் எண்ணெயில் ஒலியிக் அமிலம் மிகுதி; மென்மையானது, ஆனால் நுரை சன்னமாக, கொழகொழவென்று வரும். பாமாயிலும் ஷியா வெண்ணெயும் கட்டிக்கு உறுதி கொடுக்கும். விளக்கெண்ணெய் தனியாக நல்ல சோப்பாகாது. 5 முதல் 10 சதவீதம் சேர்த்தால் மற்ற எண்ணெய்களின் நுரையைத் தாங்கிப் பிடிக்கும். சூரியகாந்தி, சோயா போன்று லினோலியிக் அமிலம் மிகுந்தவற்றை 15 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். அதிகம் போனால் சில மாதத்தில் கட்டியின் மேல் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றி, பழைய எண்ணெய் வாடை வீசும். விலை உயர்ந்த விதை எண்ணெய்களைச் சோப்பில் கொட்டுவது எனக்கு வீண் என்றே படுகிறது. காரம் எல்லா எண்ணெயையும் ஒரே கண்ணோடுதான் பார்க்கும். எது சோப்பாகும், எது மிஞ்சும் என்பது இந்த முறையில் நம் கையில் இல்லை. தோலில் ஒரு நிமிடம் இருந்து கழுவப்படும் பொருளுக்கு அத்தனை செலவு எதற்கு? அவற்றை உடலில் தேய்த்து விட்டுவிடும் தைலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கற்றாழை, மஞ்சள் பற்றிய கேள்விக்கும் ஏறக்குறைய இதே பதில்தான். கற்றாழைச் சாறு, பால் ஆகியவற்றைத் தண்ணீருக்குப் பதிலாகச் சேர்க்கலாம். கூடுதலாகச் சேர்க்கக் கூடாது. பாலில் நேரடியாகக் காரத்தைப் போட்டால் அதிலுள்ள சர்க்கரை கருகி, ஆரஞ்சு நிறமாகி, அம்மோனியா நாற்றம் வரும். பாலைப் பனிக்கட்டியாக உறைய வைத்து, அதன் மேல் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் தப்பிக்கலாம். தேனும் சூட்டை ஏற்றும். 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி போதும். பாலோ தேனோ சேர்த்த அச்சைத் துணி சுற்றிச் சூடாக வைக்க வேண்டாம், பொங்கி வழியும். பழத்துண்டு, பச்சை இலை, பூவிதழ் ஆகியவற்றைக் கட்டிக்குள் புதைத்தால் பழுப்பாகும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். லாவெண்டர் மொட்டுகளைக் கட்டியின் மேல் தூவியவர்கள் ஒரு வாரத்தில் அவை எலிப்புழுக்கை நிறத்துக்குப் போவதைப் பார்த்திருப்பார்கள்.

மஞ்சள்தூள் காரத்தில் பட்டதும் இரத்தச் சிவப்பாகத் தெரிந்து திகைக்க வைக்கும். நாள் ஆக ஆக ஆரஞ்சு, மஞ்சள் என்று இறங்கி, வெளிச்சத்தில் வைத்தால் வெளுத்தும் போகும். செம்பருத்தி, பீட்ரூட் போன்றவற்றின் சிவப்பு காரத்தில் நிற்காது. கிடைப்பது சேற்று நிறம். நம்பி எடுக்கக்கூடியவை களிமண் வகைகள், கரித்தூள், அவுரி நீலம், அனாட்டோ விதையின் மஞ்சள்.

எலுமிச்சையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் புளிப்பு சோப்பின் காரத்தன்மையைத் தணிக்கும் என்று நம்பிப் பலர் சேர்க்கிறார்கள். நடப்பது வேறு. சிட்ரிக் அமிலம் எண்ணெயை முந்திக்கொண்டு காரத்தைப் பிடித்துக்கொள்ளும். நீரற்ற சிட்ரிக் அமிலம் 10 கிராம், 6.2 கிராம் காஸ்டிக் சோடாவை விழுங்கும். மேலே சொன்ன 70 கிராம் கணக்கில் இதைச் சும்மா சேர்த்தால் எண்ணெய்க்கு 64 கிராமுக்கும் குறைவாகவே காரம் மிஞ்சி, சூப்பர்ஃபேட் 5 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்குத் தாவிவிடும். கட்டி மெழுகு போல் தொய்யும். அந்த 6.2 கிராமைக் கூடுதலாகப் போட்டு ஈடுகட்டினால் நல்ல பலன் உண்டு. அப்போது உருவாகும் சோடியம் சிட்ரேட், சுண்ணாம்புச் சத்து மிகுந்த உப்புத் தண்ணீரில் சோப்பு திரிதிரியாகப் படிவதைக் குறைக்கும். காரத்தன்மை மட்டும் குறையாது. சோப்பின் பி.எச். 9 முதல் 10.5 வரைதான் இருக்கும். அதற்குக் கீழே இறக்கினால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலம் பிரிந்துவிடும். தோலின் 5.5 அளவுக்கே செய்தது என்று விற்கும் கட்டிகள் செயற்கைச் சலவைப் பொருளால் ஆனவை. அது குற்றமில்லை, சில நோய்ப்பட்ட தோல்களுக்கு அவையே ஏற்றவை. அவை சோப்பு இல்லை, அவ்வளவுதான்.

நறுமண எண்ணெய் எண்ணெயின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 500 கிராமுக்கு 15 கிராம் உச்சம். கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்கள் தோலை எரிப்பதோடு, குழம்பை நொடியில் இறுக்கி அச்சில் ஊற்றவிடாமல் செய்துவிடும். கைக்குழந்தைக்குச் செய்வதில் வாசனையே வேண்டாம்.

இத்தனையும் படித்த பிறகும் காரம் வேண்டாம் என்றால், உருக்கி வார்க்கும் சோப்புக் கட்டி வாங்கி, சிறு துண்டுகளாக்கி, நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றலாம். ஒரு மணி நேரத்தில் சோப்பு தயார். அதில் எண்ணெயை அள்ளிச் சேர்த்தால் நுரை செத்துவிடும். காய்ந்த பிறகு காற்றுப்படாமல் சுற்றி வையுங்கள். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மேலே வியர்வைத் துளிகளாக நிற்கும். குழந்தைகளோடு சேர்ந்து செய்ய இதுவே ஏற்றது. கடைச் சோப்பைத் துருவித் தண்ணீரில் கொதிக்க வைத்து 'கை கழுவும் திரவம்' செய்வதை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். மறுநாள் அது சளி போல் இழுபடும். நீர் மிகுந்த கலவை என்பதால் கெடவும் செய்யும்.

உண்மையான ஆபத்து நீர் மிகுந்த கலவைகளில்தான் இருக்கிறது. காஸ்டிக் சோடாவுக்கு அஞ்சுகிறவர்கள் கற்றாழையும் பன்னீரும் கலந்த களிம்பைப் பாட்டிலில் அடைத்துக் குளியலறையில் மாதக்கணக்கில் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். கட்டிச் சோப்பில் காரத்தன்மை அதிகம், பயன்படக்கூடிய நீர் குறைவு. கிருமிகள் எளிதில் வளர முடியாது. தண்ணீர், கற்றாழை, பால், பழச்சாறு, கஷாயம் என எதுவாவது சேர்ந்த கிரீம், ஜெல், முகப்பூச்சு ஆகியவற்றில் பாக்டீரியாவும் பூஞ்சையும் செழித்து வளரும். வாசனையோ நிறமோ மாறுவதற்கு வெகு முன்பே அவை பெருகியிருக்கும். வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறேனே என்பார்கள். அது எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தாமதப்படுத்தும். கிருமியை ஒன்றும் செய்யாது. நறுமண எண்ணெயும் தோலுக்குக் கெடுதலில்லாத அளவில் சேர்த்தால் அந்த வேலைக்குப் போதாது. ஃபினாக்சிஎத்தனால் சேர்ந்த, கிருமி வளராமல் தடுக்கும் பாதுகாப்பான் 1 சதவீத அளவில் சேர்ப்பதே முறை. பொட்டாசியம் சார்பேட் என்ற இன்னொரு பாதுகாப்பான் அமிலத்தன்மையுள்ள கலவைகளில் மட்டுமே வேலை செய்யும், பி.எச். 5.5-ஐத் தாண்டினால் அதன் பலம் போய்விடும். இவை வேண்டாம் என்றால் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் செய்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

நீர் சேராத பொருட்கள் பயமில்லாதவை. தேன்மெழுகு ஒரு பங்கும் எண்ணெய் நான்கு பங்கும் உருக்கி ஆறவிட்டால் உதட்டுக்கும் குதிகாலுக்கும் நல்ல தைலம். சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்த தேய்ப்பும் அப்படியே, ஈரக் கையை விட்டு எடுக்காதவரை. சிறு டப்பாக்களில் பிரித்து வைத்துக் காய்ந்த கரண்டியால் எடுங்கள். முகத்துக்கு உப்பு, கொட்டைத் தூள் போன்ற கூர்மையானவை வேண்டாம். எலுமிச்சைச் சாற்றைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் போவதும் கூடாது. எலுமிச்சை இனங்களில், முக்கியமாகப் பழத்தின் தோலில், உள்ள சில வேதிப்பொருட்கள் சூரிய ஒளி பட்டால் கொப்புளமும் மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டும் உண்டாக்கும்.

தொட்டியில் போட்டால் பொங்கும் குளியல் உருண்டைக்குச் சமையல் சோடா இரண்டு பங்கு, சிட்ரிக் அமிலம் ஒரு பங்கு என்பது வழக்கமான எடைக் கணக்கு. வேதியியல்படி ஒரு பங்கு நீரற்ற அமிலத்துக்கு 1.3 பங்கு சோடாவே போதும். மிச்ச சோடா வினைபுரியாமல் நீரில் கரைந்து நிற்கும். தண்ணீருக்குப் பதிலாக ஆல்கஹாலை மெல்லத் தெளித்து, பிடித்தால் பிடிபடும் பதம் வந்ததும் அச்சில் அழுத்த வேண்டும். மழைக்கால ஈரக்காற்றில் செய்தால் அச்சிலேயே பொங்கி வழியும். நன்றாகக் காயாத உருண்டையைக் கண்ணாடிப் புட்டியில் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து புட்டி வெடிக்கலாம். நறுமண எண்ணெயை நேராகக் குளியல் நீரில் விடுவதும் தவறு. அது கரையாமல் மேலே மிதந்து, செறிவு குறையாமலே தோலில் ஒட்டி எரிக்கும். எண்ணெயை நீரோடு கலக்கச் செய்யும் பாலிசார்பேட் போன்ற பொருளில் கலந்தே சேர்க்க வேண்டும். எண்ணெய் சேர்ந்த எதுவும் தொட்டியை வழுக்கலாக்கும் என்பதையும் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நினைவில் கொள்ளுங்கள்.

வீட்டுச் சோப்பை ஷாம்பு கட்டியாகப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. காரத்தன்மையில் முடியின் மேல் செதில்கள் விரிந்து சிக்கு விழும். உப்புத் தண்ணீராக இருந்தால் சுண்ணாம்புச் சோப்பு முடியில் பிசுபிசுப்பாகப் படியும். பிறகு வினிகர் நீரில் அலசலாம் என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கெடுதலைச் செய்து அதற்கு மருந்தும் போடுவானேன்?

தொடங்குவதற்கு முன் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோப்புக்கும் தேதி, ஒவ்வோர் எண்ணெயின் எடை, காரத்தின் எடை, நீர், ஊற்றும்போது இருந்த வெப்பம், ட்ரேஸ் வந்த விதம் ஆகியவற்றை எழுதுங்கள். முதல் இரண்டு மூன்று முறை நிறமும் மணமும் இல்லாமல் செய்யுங்கள். அப்போதுதான் கெட்டது எதனால் என்று கண்டுபிடிக்க முடியும். பிறருக்குக் கொடுக்கும்போது உறையில் எண்ணெய்களின் பெயரையும் நறுமண எண்ணெயின் பெயரையும் தவறாமல் எழுதுங்கள், குறிப்பாக பாதாம் போன்ற கொட்டை எண்ணெய் சேர்ந்திருந்தால். வாங்கிக்கொண்டவர் முதலில் முன்கையில் சிறிது தேய்த்து ஒரு நாள் பொறுத்துப் பார்க்கட்டும்.